முதல்ல எனக்கு

நேசையா சார் அன்றைக்கும் வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"முதல்ல எனக்குப் போட்டுரும்மா."

ஸ்டெபிக்கு எரிச்சலாக வந்தது. ஆறு வாரமாக இதே கதைதான்.

தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் அவதிப்படுவது அவர் மனைவி பாக்கியவதி டீச்சர். தலை வாரக்கூட இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்று வந்த அன்றைக்கே நேசையா சார் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு புதன்கிழமையும் டீச்சரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இவர்தான் முந்திக்கொள்வார்.

பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் கப்புக்குள் காட்டி, எடுத்த வேகத்தில் முதுகில் கவிழ்த்தால் அது சதையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் அப்படியே கிடப்பார். அதற்குப் பிறகுதான் டீச்சருக்கு. டீச்சர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். டீச்சரிடம் எதைக் கேட்டாலும் பதில் இவரிடமிருந்துதான் வரும்.

இவருக்கு எங்கே வலி என்று கேட்டால் ஒரு வாரம் இடுப்பைக் காட்டுவார், மறுவாரம் கழுத்தை.

சமாதானபுரத்தில் ஸ்டெபி இந்தச் சீன வைத்தியத்தை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. சீவலப்பேரியில் நடவுக்குக் குனிந்து குனிந்தே முதுகு போன சுடலைவடிவும் புதன்கிழமைதான் வருவாள். வெளி பெஞ்சில் உட்கார்ந்து அவளும் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள்.

"வலி பொஞ்சாதிக்கு, வைத்தியம் இவுகளுக்கா? நல்ல மனுசன்தான்" என்றாள் போன வாரம்.

ஸ்டெபிக்கும் அப்படித்தான் பட்டது.

இன்று அவர் முதுகைப் பார்த்தாள். போன வாரத்து வட்டத் தடங்கள் கருஞ்சிவப்பாக அப்படியே இருந்தன. அதன்மேல் மறுபடியும் போடக்கூடாது.

"தடம் இன்னும் மறையல சார். இன்னைக்கு உங்களுக்கு வேண்டாம். டீச்சருக்கு மட்டும் போடுதேன்."

இரண்டே இரண்டு கப்பாவது போடு என்று கெஞ்சினார். தடம் இல்லாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார். எழுபத்துநாலு வயதில் இப்படியா ஒரு மனிதர் அடம்பிடிப்பார்? ஸ்டெபி பிடிகொடுக்கவில்லை. அவரை எழுப்பி வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டீச்சரைப் படுக்கையில் உட்காரவைத்துத் திரையை இழுத்துவிட்டாள். டீச்சர் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்தார்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தியதுதான் தாமதம். டீச்சரின் முகம் மாறிவிட்டது. படுக்கையிலிருந்து இறங்கிச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு, நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்கும்மா சூடு வைக்கீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்ட தலைமையாசிரியை, அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி கேட்டார். ஸ்டெபி தீயை ஊதி அணைத்தாள்.

திரை விலகியது. நேசையா சார் சட்டையைக் கழற்றியபடியே உள்ளே வந்தார்.

"பாக்கியம், ஒண்ணுமில்ல. இங்கன பாரு. எனக்குப் போடுதாங்க."

படுத்துவிட்டார். ஸ்டெபி தடம் இல்லாத இடமாகத் தேடி இரண்டு கப் வைத்தாள்.

டீச்சர் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். பிறகு பைய நகர்ந்து வந்து ஒரு கப்பை விரலால் தொட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். சுடுகிறதா? அதுவும் இல்லை. டீச்சர் கொஞ்ச நேரம் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எனக்கும் போடுங்க" என்றார்.

டீச்சருக்குக் கப்புகளை வைத்து முடித்ததும் ஸ்டெபி திரையோரம் வந்தாள். நேசையா சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். தப்பு தன்மேல்தான் என்று அவள் ஆரம்பிக்க, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையமர்த்தினார். அவளுக்கு மனசு ஆறவில்லை.

"ஆறு வாரமா வாறாங்களே சார், இன்னும் டீச்சருக்குப் பயம் தெளியலையா?"

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். டீச்சர் கண்மூடிக் கிடந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நமக்குத்தாம்மா இது ஏழாவது வாரம். அவளுக்கு ஒவ்வொரு வாரமும் இதுதான் முதல் நாள்."