ஒருக்களித்த உலை

"அனைவரும் கவனிக்கவும். ஹாஸ்கெட் இல்லத்தின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். இதுநாள்வரை நின்றுகொண்டே உழைத்த உலை, இன்று முதல் படுத்துக்கொண்டு உழைக்கும்."

காலை உணவு மேசையில் இதை அறிவித்தவர் வெர்னன் ஹாஸ்கெட். கேட்டவர்கள் இரண்டு பேர். மனைவி லொரீன் பன் போல மெத்தென்ற பிஸ்கட்டின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் ஜானெல் நிமிரவே இல்லை.

அமரில்லோ நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தவர் வெர்னன். தினமும் காலையில் ஒலிபெருக்கி வழியாக எல்லா வகுப்பறைகளுக்கும் பேசியவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் குரல் ஓய்வு பெறவில்லை.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை சமையலறையை ஒட்டிய சிற்றறையில் நின்றிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிய உலையைப் பரணில் படுக்கவைத்துவிட்டால் அந்த அறை காலி. அது ஜானெல்லின் தையல் மெஷினுக்கு.

ஜானெல் கணவனை இழந்து ஒற்றைப் பெட்டியோடு வந்திருந்தாள். பள்ளிப் படிப்பை முடிக்காதவனைக் கட்டிக்கொண்டாள் என்று வெர்னன் அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவனுடைய சாவுக்கும் போகவில்லை.

பெட்டி திறக்கப்படாமல் வாசல் கதவோரம் நின்றது.

"சாயங்காலம் கிளம்பறாளாம். ஸாரின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் வெர்னன், இருந்துடுவா" என்றார் லொரீன், ஜானெல் எழுந்து போனதும்.

"முதல்ல அவ ரூமைப் பாக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தையைத் தூக்குவதைவிட, ஓர் உலையைப் பரணுக்குத் தூக்குவது அவருக்கு எளிதாக இருந்தது.

தூக்கியவன் டஸ்டி புரூயிட், அவருடைய பழைய மாணவன். வெர்னன் டார்ச் பிடித்தார், ஆணையும் பிறப்பித்தார்.

"மல்லாக்கப் போடு."

"மல்லாக்கப் போட்டா எரியாது சார். ஒருக்களிச்சுதான் படுக்கணும். உங்க அறிவிப்பு ஓடறப்ப நான் தூங்குவேனே, அந்த மாதிரி."

உலை ஒருக்களித்துப் படுத்தது. அதன் எதிரே, அறைகளுக்குச் சூட்டுக் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய் இன்னும் இணைக்கப்படாமல் வாயைத் திறந்து கிடந்தது.

திருகாணியை முறுக்கிக்கொண்டே டஸ்டி கேட்டான்: "ஜானெல் இங்கயே இருந்துடுவாளா சார்?"

பரண் இருட்டு. டஸ்டியின் முதுகுதான் தெரிந்தது. முதுகிடம் பேசுவது சுலபம்.

"அவ புருஷன் நல்ல பையன்டா. நான்தான் திமிர் பிடிச்சவன். கல்யாணத்தன்னிக்கு கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு கார்ல உக்காந்திருந்தேன், தெரியுமா? சாவிய மட்டும் திருப்பல. என்னை மன்னிச்சிடும்மான்னு சொல்ல வாய் வரலை எனக்கு."

ஏணியடியிலிருந்து லொரீனின் குரல் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"வெர்னன்! குழாய் வழியா எல்லா ரூம்லயும் கேட்டுச்சு! ஒரு வார்த்தை விடாம!"

வெர்னன் ஒவ்வொரு படியாக இறங்கினார். இனி சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் படியில் நின்று, மன்னிக்கப்பட்டவனின் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

சிற்றறையின் கதவு திறந்தது. ஜானெல் கையில் அளவு நாடாவுடன் வெளியே வந்தாள்.

"அப்பா, கதவைச் சாத்திப் பாத்தேன், உள்ள ஐஸா இருக்கு. இந்த ரூமுக்கு மட்டும் சூடு வர்ற வழியே இல்லையே?"

இல்லைதான். உலையே நின்ற அறைக்கு யார் குழாய் போடுவார்கள்? சூடு வராத அறைக்குள் அவர் குரலும் வந்திருக்காது.

லொரீன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் சொன்னால் அது அவருடைய வார்த்தையாகிவிடும். வெர்னனின் விலாவில் ஓர் இடி மட்டும் இடித்தார்.

வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜானெல் காத்திருந்தாள்.

"டஸ்டிகிட்ட சொல்லி ஒரு குழாய் போடச் சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் கதவோரத்தில் பெட்டி இல்லை, வீட்டில் ஜானெல்லும் இல்லை.

உலை நன்றாக வேலை செய்கிறது.