அங்குசம்

"இந்த லைசன்ஸ் நம்பரைப் புது கம்ப்யூட்டர்ல போட்டா, பழைய கம்ப்யூட்டர் லைசன்ஸ் இல்லாம நின்னுடும் சார். ஒரு நம்பருக்கு ஒரு மிஷின்தான்."

மெக்கானிக் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு. லிஃப்ட் வேறு படுத்துவிட்டதால் நாலு மாடி ஏறி வந்த முழங்கால் விண்விண்ணென்று வலித்தது.

"நின்னா நிக்கட்டுமே," என்றார் வீட்டுக்காரர்.

பழையதைப் போன வாரம்தான் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தார். புருஷனை இழந்தவள். வீட்டிலேயே டைப் அடித்துப் பிழைக்கிறாள்.

"அவங்க வேலை கெட்டுடுமே சார்?"

"பெட்டியைத்தானே கொடுத்தேன்? லைசன்ஸையுமா கொடுத்தேன்? நீங்க உங்க வேலையைப் பாருங்க." லைசன்ஸ் அட்டையை எடுத்து முன்னால் போட்டார்.

யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவரோ சும்மா கொடுத்துவிட்டல்லவா போடுகிறார்!

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தங்கைதான். ஸ்பீக்கரில் குரல் துள்ளியது.

"அண்ணா, கம்ப்யூட்டர் ஜோரா ஓடுது! ஒரு முழுப் புத்தகமே டைப் பண்ணக் கொடுத்திருக்காங்க. எல்லாம் உன் புண்ணியம்."

"அட, உனக்குச் செய்யாம யாருக்கும்மா செய்யப் போறேன்?" பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் செல்போனைப் பார்த்துப் பார்த்து நம்பரைத் தட்ட ஆரம்பித்தார்.

தண்ணீர் கொண்டுவந்த வீட்டம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்தான் அப்படின்னா, நீங்களுமா? அந்தப் பொண்ணு பொழைப்புல மண்ணு விழுமே! நம்பர் வேலை செய்யலைன்னு ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"சொன்னா இன்னொரு ஆளைக் கூப்பிடுவாரும்மா."

"நல்லா பதில் சொல்றீங்க. மனசுதான் இல்லை."

டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். இதையே கணவரிடம் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை என்பது வேறு விஷயம்.

லைசன்ஸ் ஏறிவிட்டதாகத் திரையில் வந்தது.

"அவ்வளவுதானே! இதுக்குப் போய் இவ்வளவு பேச்சு," என்றார் வீட்டுக்காரர்.

"இந்த அட்டை இனி உங்களுக்குத் தேவைப்படாது சார்." மெக்கானிக் அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். வாசல்வரை வந்த வீட்டம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

தன் வீட்டுக்கு வந்த மெக்கானிக் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம கம்ப்யூட்டருக்கு என்ன கேடு? லைசன்ஸ் செல்லாதுன்னு திரை பூரா எழுதிக்கிட்டு நிக்குது! ஊருக்கெல்லாம் சரி பண்றீங்க, நம்ம வீட்டைக் கவனிக்க நாதியில்லை."

"அது அப்படித்தான் வரும். நம்ம நம்பரை இன்னிக்கு ஒரு வீட்டுல போட்டுட்டேன்."

"நல்லா இருக்கே கதை! அப்படி யாருக்காக?"

முழங்காலைத் தடவிக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார்.

"நான் முகம்கூடப் பார்க்காத ஒரு தங்கச்சிக்காக."