ரெண்டு இட்லி போதும்

"உனுக்கு ரெண்டு போதும். மீதிய மங்கை தட்டுல வெச்சுடு" என்றாள் பிரேமலதா.

தேவசேனா இரண்டு இட்லியைத் தங்கையின் தட்டுக்கு மாற்றினாள். காலையில் வெறும் வயிற்றோடு நகரியில் ரயிலேறி, திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த ஓட்டலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பசி கண்ணை அடைத்தது. ஆனால் அம்மாவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அந்தத் தெம்பு தீர்ந்து ரொம்ப நாளாயிற்று.

வீட்டிலும் இதே கதைதான். தேவசேனாவுக்குத் தண்ணீர் குடித்தாலும் சதை போடுகிற உடம்பு. சின்னவள் அலர்மேல்மங்கையோ ஊதினால் பறந்துவிடுவாள். அதனால் பெரியவள் தட்டில் குறைக்கிற சோறும், அவளுக்குக் கிடையாது என்று ஒதுக்குகிற பாயசமும் ஜாங்கிரியும் சின்னவளுக்குப் போய்ச்சேரும். அவளாவது தேறட்டும் என்பது அம்மாவின் நியாயம்.

பெரியவள் விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போய், நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, வீடு திரும்பிய பிறகும் மொட்டை மாடியில் நடப்பாள். சின்னவள் சாப்பிட்ட கையோடு படுத்துத் தூங்கிவிடுவாள். ஒல்லி உடம்பு, பாவம், அசதியாக இருக்கும் என்று அம்மா ஃபேனைக் கூட்டிவைப்பாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. சித்தூரிலிருந்து கோகுலகிருஷ்ணன் வீட்டார் பெரியவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் போனிலும் பேசினான். ஷிப்டு முடிந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டாயா என்று தேவசேனாவை அவள் வீட்டில் யாரும் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அவனுடைய அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. பெரிய பெண்ணுக்கு உடம்பில் ஏதோ கோளாறு இருக்கும்போலத் தெரிகிறது, சின்னவளைக் கொடுத்தாலும் சம்மதம் என்று பிரேமலதாவின் தம்பி முரளிதரன் மாமாவிடம் சொல்லியனுப்பிவிட்டாள். பையன் அம்மா பேச்சைத் தட்டமாட்டானாம்.

பெண்களின் நைனா தறியை விட்டு எழுந்து வந்து, எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமே என்றார். கோளாறு இல்லையென்றால் பெரியவள், இருந்தால் சின்னவள் என்று பேசி முடிவானது.

"டெஸ்டுன்னா அவளுக்கும் எடு. எப்பப் பாத்தாலும் நான் ஒருத்தியே குத்துப்பட முடியாது" என்று தேவசேனா ஒரே பிடியாக நின்றாள். இல்லையென்றால் ரயிலேற மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வீம்புக்குத்தான் அலர்மேல்மங்கையும் இன்று கையை நீட்ட வேண்டி வந்தது.

மத்தியானத்துக்கு மேல் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்குச் சித்தூர்ப் பக்கம். தமிழ் தாராளமாக வந்தது.

"ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இன்சுலின் ரொம்ப அதிகமா இருக்குதும்மா. அது யாருன்னா..."

"எனுக்குத் தெரியும் மேடம்" என்று பிரேமலதா குறுக்கே புகுந்தாள். "பாத்தாலே தெரியுதே. அதனால இன்னா ஆவும், அத்த சொல்லுங்க."

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சாப்பிடுகிற சோறும் இனிப்பும் சர்க்கரையாகி ரத்தத்தில் சேர்கிறது. அதை உடம்புக்குள் அனுப்புகிற வேலை இன்சுலினுடையது. ஓயாமல் அள்ளிப் போட்டால் ஒரு கட்டத்தில் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. கேட்காததால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். மாதவிலக்கு தள்ளிப்போகும், கழுத்து கறுக்கும், கவனிக்காமல் விட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து நிற்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம். சோற்றைக் குறைத்து, பருப்பையும் காயையும் கூட்டி, தினமும் நடந்தால் கட்டுக்குள் வந்துவிடும் என்றார்.

தேவசேனாவுக்கு அழுகைகூட வரவில்லை. இனியும் குறைக்க என்ன இருக்கிறது, இனியும் எவ்வளவு நடப்பது என்று சலிப்பாக இருந்தது.

"ஒரு நிமிசம் மேடம்" என்று பிரேமலதா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவள் போனில் பேசினால் ஊருக்கே கேட்கும்.

"முரளி, நான் நெனச்சது சரியாப் பூட்ச்சு. பெரியவளுக்கு இருக்குதாம். இன்னும் எதுக்கு இழுத்துக்கினு? சின்னவளயே தர்றோம்னு அவங்களுக்கு இப்பவே சொல்லிடு."

அலர்மேல்மங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனுக்கு வேணாங்கா. மாமாகிட்ட நானே சொல்றேன்."

"பேசாத இரு மங்கை. யார்னா ஒருத்தி நல்லா இருந்தா சரி" என்றாள் தேவசேனா. மனசார அவள் அதைச் சொல்லவில்லை. அவனை இனி மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டியிருக்குமே என்று நினைத்தபோது நெஞ்சு வலித்தது.

பிரேமலதா வந்து பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாத்திரை எழுதிக் கொடுங்கள், கிளம்புகிறோம் என்றாள்.

"மாத்திரை அப்புறம். மொதல்ல பொண்ணப் பாத்துடறேன்" என்று டாக்டரம்மா எழுந்து வந்தார். "நீ கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, உனக்கு எல்லாமே நார்மல்" என்று தேவசேனாவின் தோளைத் தட்டிவிட்டு, அலர்மேல்மங்கையின் பின்னலைத் தூக்கி, கறுத்துக் கிடந்த கழுத்தைப் பார்த்தார்.