ஓயாத ஹார்ன்

கெய்ரோ நெரிசலில், வக்தியின் தாத்தா காலத்துக் காருக்குள் எங்கோ ஒயர் உரசி, ஹார்ன் விடாமல் அலறியது.

"அந்த ஒயரைப் பிடுங்கித் தொலையேன்," என்றாள் பக்கத்தில் இருந்த நாஹித்.

"எதைன்னு பிடுங்க? எல்லாமே கருகிக் கிடக்கு. தப்பானதைப் பிடுங்கினா வண்டி நின்னுடும். கையெழுத்து வாங்க, பதிவு பண்ற ஷேக் காத்திருக்கார், சாட்சிங்களும் வந்தாச்சு."

பின்னால் வந்த கார்களும் கல்யாண ஊர்வலம் போலச் சேர்ந்து ஹார்ன் அடித்தன. பால்கனிகளில் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "மாப்ளே, நல்லா இருங்க," என்றார். வக்தி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

ஷேக்கின் வாசலில் கார் நின்றது. ஹார்னும் நின்றது.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு எவ்வளவு அமுக்கியும் இது வாயே திறக்கலை," என்றாள் நாஹித். "இன்னைக்கு விவாகரத்துக்கு ஊரையே கூட்டுது."