மூன்று பச்சைப் புள்ளிகள்

கடைக்காரர் விளக்கை அணைத்தார்.

இருட்டில் மூன்று பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன.

"பாத்தியா! மூணும் ஒரே வரிசையில வந்தாப் போதும். குறி தப்பவே தப்பாது," என்றார் அவள் கணவர்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

விளக்கு எரிந்தது. கண்ணாடி மேசைமேல் நாலைந்து நைட் சைட்டுகள். கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு புள்ளி, பின்னால் இரண்டு என்று பொருத்தினால் இருட்டிலும் குறி தெரியுமாம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வளையம் வைத்தது. டெக்ஸாஸ் வந்து இருபத்திரண்டு வருஷம். தனக்கொரு சட்டை எடுக்கக்கூட இந்த மனிதர் இத்தனை நேரம் நின்றதில்லை.

போன வியாழன், விடிவதற்கு முன் வீட்டுப் பின்கதவு திறந்தது. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த வாரம் அது.

அவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். இருட்டில் அதன் முனையே தெரியவில்லை. கண்ணை இடுக்கினார்.

அந்த ஒரு நொடியில்தான் குரல் வந்தது. "அப்பா, நான்தான்."

மகள் அகல்யா. ஆஸ்பத்திரி ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்து வந்திருந்தாள்.

"திருடனா இருந்திருந்தா என் கதி என்ன?" அன்றிலிருந்து அவருக்கு இதே பேச்சு.

முனை தெரிந்திருந்தால் பிள்ளையின் கதி? நேற்று அவள் அவரிடம் கேட்டே விட்டாள். அதுக்காக என்னைக் குருடனாவே இருக்கச் சொல்றியா என்று கத்தினார். அப்புறம் சாப்பிடவே இல்லை. பாவம், அவரும் பயந்துதான் போயிருக்கிறார்.

"பச்சையா, ஆரஞ்சா? சொல்லேன்."

"உங்க இஷ்டம்," என்று வெளியே வந்தாள்.

கார் நிற்குமிடத்தில் வெயில் கொளுத்தியது. மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"இனிமே வேலை முடிஞ்சு வந்தா ஷூவக் கழட்டாத. அப்படியே உள்ள வா."

"என்னம்மா ஆச்சு உனக்கு? பின்கதவத் திறந்தா நேரா சாமி அலமாரி. ஷூவோட வந்தா தோல உரிச்சிடுவியே!"

"அன்னிக்கு நீ வந்தது எங்க காதுல விழவே இல்லடி."



அவள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ டக்கு டக்குன்னு சத்தம் போட்டு நடந்து வா."