கிறிஸ்துமஸ் தாத்தாவின் நாற்காலி

ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பாடிவந்த கேரல் கூட்டம், கடைசியாக மேனேஜர் பங்களாவுக்குள் நுழைந்தது. முகமூடியும் கையுறையும் மாட்டியிருந்த கிறிஸ்துமஸ் தாத்தா, ஆடிமுடித்த களைப்பில் வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏய், எந்திரி! லயத்து ஆளுங்க உட்கார்ற இடமா இது?" மேனேஜரின் மனைவி கிளாரா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

தாத்தா பதறி எழுந்து, கைகுலுக்கக் கையை நீட்டினார். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகினாள். வேலைக்காரியைக் கூப்பிட்டு, "அந்த நாற்காலியில பினாயிலை ஊத்திக் கழுவு" என்றாள்.

கேரல் குழுவை நடத்திவந்த ஜெபக்கனி கிளாராவை நிமிர்ந்து பார்த்தாள். ஞாயிறுதோறும் சபையில் முன்வரிசையில் நின்று, 'எல்லாரும் கர்த்தரோட பிள்ளைங்க' என்று உருகுகிற வாய்தானே இது!

"ஜெபக்கனி, நாளைக்கு நம்ம ஜெர்மன் டாக்டரை விருந்துக்குக் கூட்டிட்டு வா. சொந்த நாட்டை விட்டு வந்து இந்தக் காட்டுல நமக்காக ஊழியம் செய்றாரு. நம்ம சபையில கிறிஸ்துமஸ் எப்படின்னு அவருக்குக் காட்ட வேண்டாமா?" என்றாள் கிளாரா.

"காட்டிட்டீங்கம்மா. நல்லாவே பார்த்துட்டாரு" என்றபடி ஜெபக்கனி தாத்தாவின் முகமூடியைக் கழற்றினாள்.