முகம் மறையக் கூடாது

"சேச்சி, குனியாதீங்க! நீங்க குனிஞ்சா அம்மச்சி முகம் மறைஞ்சிடும்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஈப்பன் சொன்னதும் சோசம்மா சட்டென்று நிமிர்ந்தாள். கேரளத்தின் பாலா ஊர்த் தேவாலயத்தின் நடுவில், திறந்த பெட்டிக்குள் அவள் தாய் ஏலியம்மா கிடந்தாள். இன்னும் கால் மணி நேரத்தில் குடும்பத்தார் வரிசையாக வந்து கடைசி முத்தம் கொடுப்பார்கள். அதோடு முகத்தைத் துணியால் மூடி, பெட்டியையும் மூடிவிடுவார்கள்.

"பின்னே எப்படிக் கொடுக்கறது ஈப்பா?"

"வலது பக்கமா நின்னு, அம்மச்சி கையில இருக்கற சிலுவையை முத்தமிடுங்க. ரெண்டு செகண்டு. தலையை மட்டும் சாய்க்கணும், முதுகைக் காட்டக் கூடாது. கல்யாணம்னா இன்னொரு தடவை மாலையைப் போடுங்கன்னு சொல்லலாம். இதுல அது நடக்காது."

பதினாறு வருஷமாக ஊரின் நல்லது கெட்டது எல்லாம் எடுத்தவன் ஈப்பன். ஃப்ளாஷ் போடமாட்டான், மெழுகுவத்தி வெளிச்சம் கெட்டுவிடும் என்பான். யார் வெடித்து அழப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவைத்து, அங்கே கேமராவைத் திருப்பிக் காத்திருப்பான்.

"எனக்கு நெத்தியில கொடுக்கணும்," என்றாள் சோசம்மா. "ஒன்பது வருஷம் படுக்கையில கிடந்தா. தினம் குளிப்பாட்டி, நெத்தியில ஒண்ணு கொடுத்தாத்தான் கஞ்சிக்கு வாயைத் திறப்பா. இன்னிக்கும் அப்படி ஒரு தடவை. முகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு..."

தாய்மாமன் சாண்டி குறுக்கே வந்தார்.

"ஒன்பது வருஷம் நீதான் பாத்தாச்சே, இன்னும் என்னடி? அயர்லாந்துல ராய், மெல்போர்ன்ல பென்னி, லீவு கிடைக்காம ரெண்டு பேரும் துடிச்சுக்கிட்டு இருக்கானுங்க. அவனுங்க பாக்கட்டும் அம்மா முகத்தை. ஏண்டா ஈப்பா, நேரலை ஓடுதா? பாக்கறானுங்களா?"

ஈப்பன் திரையைப் பார்த்தான். "ஓடுது அச்சாயா. ஒருத்தர் பாக்கறதா காட்டுது."

"ராயாத்தான் இருக்கும். மூத்தவனாச்சே."

"பென்னிதான்!" என்றாள் சாண்டியின் மனைவி. "கடைக்குட்டி. அவனுக்கு அம்மச்சின்னா உயிரு."

பிணத்தை வைத்துக்கொண்டு இதற்கும் ஒரு சண்டை!

பாதிரியார் அச்சன் ஜெபத்தை முடித்துத் தலையசைத்தார். ஒவ்வொருவராக வலது பக்கம் வந்தார்கள், சிலுவையை முத்தமிட்டார்கள், நகர்ந்தார்கள். சோசம்மாவின் முறை வந்தது. அவளும் சொன்னபடியே தலையைச் சாய்த்தாள். உதட்டில் பித்தளைதான் பட்டது. அவளையறியாமல் ஒரு கை தாயின் கன்னத்துக்குப் போனது.

"சேச்சி, கை! கை மறைக்குது!"

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். சாண்டி அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். துணி விழுந்தது. மூடியும் விழுந்தது. அப்போதுதான் "என் அம்மச்சீ..." என்று அலறினாள். ஈப்பன் எதிர்பார்த்துக் காத்திருந்த அலறல் அது. அருமையாகப் பதிவானது.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். கேமராவைக் கழற்றத் தேவாலயத்துக்குத் திரும்பிய ஈப்பனிடம் சோசம்மா வந்தாள்.

"நடுவுல கையை நீட்டிட்டேன் ஈப்பா, மனசுல வெச்சுக்காதே. அண்ணனுக்கும் தம்பிக்கும் முகம் நல்லாத் தெரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுது சேச்சி."

"அது போதும்டா. எனக்கு என்ன, நான் தினமும் பாத்தவதானே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஈப்பன் திரையைப் பார்த்தான். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒருவர் இன்னும் போகவில்லை. பரவாயில்லை, ஒரு பிள்ளைக்காவது பாசம் இருக்கிறதே என்று நினைத்தான்.

நிறுத்தப் போகும்போது சட்டைப்பை சுட்டது. படம் சரியாகப் போகிறதா என்று காலையில் தன் கைபேசியில் நேரலையைத் திறந்து பார்த்தவன், அதை மூடவே இல்லை.

எடுத்து மூடினான்.

கேமராத் திரையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூஜ்யம் ஆனது.